சானல்கரைக்கு லோன் கிடையாது என்று சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், இந்த மாவட்டத்து வங்கிகளின் கிளை மேலாளர்களுக்கும், வாரம் தவறாமல் எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பும் குறுங்கடன் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

போன மாதம் எங்கள் மகளிர் குழுவின் கடன் விண்ணப்பத்தை ஒரு வங்கிக் கிளை திருப்பிக் கொடுத்துவிட்டது. காரணத்தை எழுதித் தரவில்லை. கேட்டதற்கு, தீர்மான நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "உங்க ஏரியா நெகட்டிவ்ல இருக்கும்மா, அதுல மூணு பேருக்கு சிபில் வேற சரியில்ல" (சிபில் என்றால் ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்) என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். 14 பெண்கள், 16 வருஷம், ஐந்து தடவை வாங்கிய கடன், ஐந்தையும் முழுசாக அடைத்த கணக்கு, எல்லாம் அந்த மேஜையில்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

நான் அந்தக் குழுவின் ஊக்குநர். நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள் ஒரு சானல் கரையில், அதாவது வாய்க்கால் கரையில் இருக்கிறோம். பட்டா கிடையாது, புறம்போக்கு. மூன்று தலைமுறையாக இருக்கிறோம், ஓட்டும் ரேஷன் கார்டும் உண்டு. குழுவில் மீன் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், தோவாளையில் பூ வாங்கி வந்து கட்டி விற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர்கள். நான் தைக்கிறேன். எங்களில் ஒருவர் கூட மாதச் சம்பளக்காரர் இல்லை, அதனால்தான் குழுவே தேவைப்பட்டது.

'நெகட்டிவ் ஏரியா' என்றால் என்ன என்று நான் அங்கேயே கேட்டேன். பதில் வரவில்லை. உங்கள் கிளையில் எங்கள் குழுவின் பாக்கி எவ்வளவு என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார்கள். சரி, பாக்கியே இல்லாத குழு எப்படி நெகட்டிவ் ஆனது? நாங்கள் குடியிருக்கிற இடத்தைப் பார்த்து ஒரு முடிவு, அதை எழுத்தில் தரவும் மனசில்லை. இதைச் சும்மா விட்டுவிட்டுப் போக எங்களால் முடியாது, ஏனென்றால் அந்தச் சின்னக் கடன் எங்கள் தெருவில் என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும்.

2012-ல் வந்த எங்கள் இரண்டாவது கடனில் ஒன்பது வீட்டில் கக்கூஸ் கட்டினோம். அதற்கு முன்னால் பெண்கள் விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து கரைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் நாங்கள். பெரிய பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாமல் தாய்மார் கூடவே போவார்கள், மழைக்காலத்தில் பாம்பு வேறு. வங்கிக் கணக்கில் அந்தக் கடன் 'தொழில் அபிவிருத்தி' என்று எழுதப்பட்டிருக்கும், ஏனென்றால் கக்கூஸுக்கு என்று சொன்னால் கிடைக்காது. இதை இப்போது வெளியே சொல்கிறேன், சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அந்தக் கடனும் ஒரு தவணை பிசகாமல் அடைந்தது.

எங்களில் மீன் விற்கும் ஓர் அக்கா உண்டு. விடியற்காலம் ஏலத்துக்குப் போகுமுன் ஒருவரிடம் 900 ரூபாய் வாங்குவார், சாயங்காலம் 1,000 ஆகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 100 ரூபாய் வட்டி. மாதம் 25 நாள் வியாபாரம் என்றால் 2,500 ரூபாய், அதுவும் வெறும் 900 ரூபாய்க்கு, வருஷக்கணக்கில். குழுவின் சேமிப்பிலிருந்து 5,000 ரூபாய் உள்கடனாகக் கொடுத்தோம். பத்து மாதத்தில் அடைத்தார். அதற்குப் பிறகு அவர் நாள்வட்டிக்காரரிடம் போகவில்லை. மிச்சமான பணத்தில் முதலில் ஐஸ் பெட்டி வந்தது, அப்புறம் ஓலைக்கூரை போய் ஷீட் வந்தது, அப்புறம் பெண் நர்சிங் படித்தாள். 5,000 ரூபாய்தான். பணம் பெரிதாக இருந்ததால் இதெல்லாம் நடக்கவில்லை, சரியான நேரத்தில், அவர் வியாபாரம் தாங்குகிற வட்டியில் கிடைத்ததால் நடந்தது.

மேலாளர்களே, எங்கள் வீடுகள் எப்படி உருவாகின்றன என்று உங்களுக்குத் தெரிந்தால் இந்த விஷயம் பாதி முடிந்துவிடும். நீங்கள் வீட்டுக்கடன் என்றால் பட்டா, வரைபடம், 20 வருஷத் தவணை என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டை ஒரேயடியாகக் கட்டுவது இல்லை. ஒரு வருஷம் ஹாலோ பிளாக் வாங்கி மேற்குப் பக்கச் சுவர் மட்டும், ஏனென்றால் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும். அடுத்த வருஷம் தரைக்கு சிமெண்ட். அதற்கு அடுத்த வருஷம் ஷீட். கதவு எப்போதோ. ஒவ்வொன்றுக்கும் இருபதாயிரம், முப்பதாயிரம். பத்து வருஷத்தில் ஒரு வீடு. இந்த அளவுக்குப் பொருந்துகிற கடன் எந்த வங்கியிலும் கிடையாது, குழுக்கடன் ஒன்றுதான் இருந்தது. தரை சிமெண்ட் ஆனதும் தையல் மெஷின் ஆடாமல் நிற்கும், ராத்திரியிலும் தைக்கலாம், ஈரம் ஏறாததால் பிள்ளைக்கு இழுப்பு குறையும். வீடு வேறு தொழில் வேறு என்று பிரிப்பதெல்லாம் உங்கள் படிவத்தில்தான் இருக்கிறது, எங்களுக்கு இரண்டும் ஒரே அறை.

இப்போது அந்த மூன்று பேரின் சிபில் விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஐந்தாவது கடன் அடைந்து முடிந்ததும் ஆறாவது கடனுக்கு எழுதிக் கொடுத்தோம். இன்று வா, நாளை வா, ஆடிட் இருக்கிறது, மேலாளர் மாறிவிட்டார் என்று ஏழு மாதம் இழுத்தார்கள். அந்த ஏழு மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்தது, ஒரு வீட்டில் பிரசவம், இன்னொரு வீட்டில் கொத்து வேலைக்குப் போன புருஷன் சாரத்திலிருந்து விழுந்தார். செலவு காத்திருக்காது. வாரக்கடன் நிறுவனங்கள் வாசலுக்கே வந்தன, ஆதார் கார்டைக் காட்டினால் மூன்று நாளில் பணம். எடுத்தார்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். தடுமாறினார்கள். இப்போது நீங்களே அவர்களைப் பார்த்து சிபில் சரியில்லை என்கிறீர்கள். உங்கள் தாமதம்தான் அந்த சிபிலில் ஏறி நிற்கிறது.

அதோடு, சுய உதவிக் குழுக்களுக்கான ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. உறுப்பினர்களில் ஒரு சிலரோ அவர்கள் குடும்பத்தாரோ கடன் கொடுக்கும் அந்த வங்கிக்கே பாக்கி வைத்திருந்தாலும், குழு பாக்கி வைக்காதவரை, அதைக் காரணமாகக் காட்டிக் குழுவுக்குக் கடன் கொடுப்பதைச் சாதாரணமாகத் தடுக்கக் கூடாது. பாக்கி வைத்தவருக்கு அந்தப் பணத்தில் பங்கு போகக் கூடாது, நிபந்தனை அவ்வளவுதான். எங்கள் மூன்று பேர் உங்களுக்கு ஒரு பைசா பாக்கி இல்லை. மற்ற பதினோரு பேருக்கு ஏன் இந்தத் தண்டனை?

ஒரு கணக்கும் சொல்கிறேன், நோட்டில் போட்டுப் பார்த்தது. 40,000 ரூபாய் வாரக்கடன், வருஷத்துக்கு 24 சதவீத வட்டி, இரண்டு வருஷம் என்றால் வாரம் சுமார் 485 ரூபாய், மொத்தம் 50,000-க்கு மேல் திரும்பப் போகும். அதே 40,000 வங்கி வழியாகக் குழுவுக்கு 10 சதவீதத்தில் வந்தால் மொத்தம் 44,300 ரூபாய் சுற்றில் முடியும். வித்தியாசம் ஆறாயிரம். ஒரு சின்னக் கூரைக்கு ஷீட் வாங்குகிற காசு அது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் இப்படி நாலு கடன் ஓடுகிறது. வாரம் 1,940, மாதம் 8,400 ரூபாய். அந்த வீட்டின் மொத்த வருமானம் 14,000.

குறுங்கடன் நிறுவனப் பொறுப்பாளர்களே, இது உங்களுக்கு. 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்த வீட்டில் 7,000-ஐத் தாண்டியிருக்கவே கூடாது. அப்படியானால் நாலாவது கடனைக் கொடுத்தவர் வருமானம் எவ்வளவு என்று எழுதினார்? அந்தப் படிவத்தை அந்தப் பெண் படித்துப் பார்க்கவே இல்லை, கையெழுத்து மட்டும்தான் அவருடையது. உங்கள் துறையின் சங்கமே 2025 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. யார் பார்த்தார்கள்?

வசூலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது, திட்டக் கூடாது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொந்தரவு பண்ணக் கூடாது, இதுவும் அதே விதியில் இருக்கிறது. தவணையை இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வாங்க வேண்டும், தொடர்ந்து இரண்டு தடவையாவது வராமல் இருந்தால்தான் வீட்டுக்கே வரலாம். எங்கள் தெருவில் நடப்பது வேறு. தவணை வாங்கக் கூட்டும் சென்டர் மீட்டிங்கில் ஒருவர் 485 ரூபாய் கொண்டுவரவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரையும் எழுந்திருக்க விடமாட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போக முடியாது. கடைசியில் அந்த ஒன்பது பேரும் சேர்ந்து அவள் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவார்கள். ஒரு தடவை ராத்திரி ஒன்பதரை மணி வரை ஒரு வசூல்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், உள்ளே அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை வாயைப் பொத்தி வைத்திருந்தாள். அவளும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள். இன்று அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அன்றைக்கு வாசலில் நின்ற ஒன்பது பேரில் என் தங்கையும் ஒருத்தி. குழு என்ற வார்த்தையையே நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்.

வசூலுக்கு வரும் தம்பிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான், டார்கெட் இல்லையென்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று என்னிடமே சொன்னார்கள். இந்த முறையை வகுத்தவர்களிடம்தான் கேட்கிறேன்.

ஒரு கூட்டத்தில் படித்தவர் ஒருவர், "குறுங்கடனால் வறுமை போகாது, ஆராய்ச்சியே சொல்லியாச்சு" என்றார். தேடிப் படித்தேன். ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளை வைத்து அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் செய்த ஆய்வு அது. சிலருடைய தொழில் வளர்ந்தது, வீட்டுக்குப் பொருள் வாங்கினார்கள், ஆனால் பிள்ளைகள் படிப்பிலோ பெண்கள் நிலையிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. நான் அதை மறுக்கவில்லை. கடன் சம்பளம் இல்லை, யாருக்கும் கொடுத்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நாங்களும் சொன்னதில்லை. ஆனால் கொல்கத்தாவில் நடந்த ஆய்வுகளையும் படியுங்கள். முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் கழித்து ஆரம்பித்தபோது பெண்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், லாபமும் கூடியது. பாக்கியும் ஓரளவு கூடியது, அதையும் மறைக்க வேண்டாம். வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றியபோது பாக்கி கூடவில்லை, கடனைப் பற்றிய கவலை மட்டும் பாதியாகக் குறைந்தது. அதாவது கடன் நல்லதா கெட்டதா என்பது அதை எப்படித் திருப்பிக் கேட்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. எங்கள் 16 வருஷமும் அதைத்தான் சொல்கிறது.

நம் மாவட்டத்துக்கு இது இன்னும் முக்கியம். நமக்கு இரண்டு மழை. இடவப்பாதியில், அதாவது ஜூன் மழையில் ஒரு மாதம் வேலை படுக்கும், ஐப்பசி கார்த்திகையில் மறுபடி படுக்கும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் எங்கள் தெருவில் கூரை மிஞ்சிய வீடு குறைவு, பல நாள் கரண்ட் இல்லை, மீன்காரப் பெண்களுக்கு விற்க மீன் இல்லை. 2023 டிசம்பர் மழையில் சானல் வீட்டுக்குள் வந்தது. அந்த வாரங்களிலும் வாரக்கடன் தவணை கேட்டது. எங்கள் குழுவிலோ தீர்மானம் போட்டு இரண்டு மாதம் தள்ளி வைத்தோம், எல்லோரும் பிறகு கட்டினார்கள். கடன் வாங்குகிறவரின் வசதிக்கு ஏற்ப தவணைக் காலத்தை வைத்துக்கொள்ள ஒரு கொள்கை வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. மழைக்கு அது பொருந்தாதா?

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குள் போனால் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பு இருக்கிறது. 2018-ல் பாலக்காட்டில் 'முற்றத்தெ முல்ல' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். கூட்டுறவு வங்கி குடும்பஸ்ரீ குழுக்களுக்குப் பணம் கொடுக்கும், அந்தக் குழு பிளேடுக்காரரிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம் சிக்கியவர்களுக்கு வருஷம் 12 சதவீத வட்டியில் வீட்டு முற்றத்திலேயே கொடுத்து வாங்கும். அகமதாபாத்தில் 1990-களில் 'பரிவர்த்தன்' திட்டத்தில் குடிசைவாசிகள் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் போட்டார்கள், கையில் இல்லாதவர்களுக்கு சேவா வங்கி என்ற பெண்களின் கூட்டுறவு வங்கி கடன் கொடுத்தது, மாநகராட்சி தண்ணீர், கழிவுநீர்க் குழாய், தெருவிளக்கு, பாதை எல்லாம் போட்டது, பத்து வருஷத்துக்கு உங்களை அப்புறப்படுத்தமாட்டோம் என்று வாக்கும் கொடுத்தது. இதை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கக்கூஸ் நாங்கள் கட்டிவிட்டோம், ஆனால் அதன் தண்ணீர் போக ஓடை இல்லை, சானலில்தான் கலக்கிறது. ஓடையை நாங்கள் கடன் வாங்கிக் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. அது அரசின் வேலை. எங்கள் வீட்டு வாசல் வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வாசலுக்கு வெளியே நீங்கள் வாருங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

கிளை மேலாளர்களே, எங்கள் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்து, எங்கள் குழுவின் கணக்கை மட்டும் வைத்து, 30 நாளுக்குள் முடிவு சொல்லுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். எந்தத் தெருவையும் நெகட்டிவ் என்று குறித்து வைத்திருந்தால் அதை எடுங்கள். கடனை அடைத்த குழுவுக்கு அடுத்த கடனை ஏழு மாதம் இழுக்காதீர்கள், அந்த இடைவெளியில்தான் எல்லாக் கேடும் வருகிறது. பட்டா கேட்காமல் 50,000 ரூபாய் வரை வீடு செப்பனிடவும் கக்கூஸ் கட்டவும் குழு வழியாகக் கடன் கொடுங்கள், நாங்கள் தொழில் என்று பொய் எழுதாமல் உள்ளதை எழுதி வாங்குகிறோம்.

நிறுவனங்களே, கேட்பவர்களுக்கு மாதத் தவணையாக மாற்றிக் கொடுங்கள். கடன் கொடுத்த உடனே தவணை வாங்காமல் முதலில் இரண்டு மாதம் விடுங்கள். மழை எச்சரிக்கை வரும் நாட்களில் வசூலை நிறுத்துங்கள், அதற்கு அபராதம் போடாதீர்கள். ஒருத்தி வரவில்லை என்பதற்காக மற்றவர்களைப் பிடித்து வைப்பதை இந்த வாரமே நிறுத்துங்கள். வட்டி, கட்டணம், இன்சூரன்ஸ் பிடித்தது எல்லாம் தமிழில் எழுதிய கடன் அட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

ஆட்சியர் அவர்களே, கட்டாய வசூலுக்கு எதிராக 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியது. அது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. திங்கள்கிழமை மனுநாளில் குறுங்கடன் புகாருக்கு என்று ஒரு மேஜை போடுங்கள், வங்கிகளின் சார்பில் முடிவெடுக்கக்கூடிய ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். நாகர்கோவிலின் குடிசைப்பகுதிகளில் ஒரு வீட்டுக்கு எத்தனை கடன், எந்த வட்டி என்று மகளிர் திட்டப் பணியாளர்களை வைத்துக் கணக்கெடுத்து, அதை அடுத்த வங்கியாளர்கள் கூட்டத்தில் வையுங்கள், அந்தக் கூட்டத்துக்குக் குழுப் பெண்கள் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். எங்கள் தெரு ஓடைக்கு மாநகராட்சி எப்போது மதிப்பீடு போடும் என்று ஒரு தேதி வாங்கித் தாருங்கள்.

எங்கள் தீர்மான நோட்டு, பாஸ்புத்தகம், 16 வருஷக் கணக்கு, எல்லாம் என் வீட்டில் இருக்கிறது. வருகிற திங்கள்கிழமை 14 பேரும் அதை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
சானல்கரை மகளிர் குழு ஒன்றின் ஊக்குநர்,
நாகர்கோவில்